அத்தியாயம் 6: கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் ஏறி "கிராபிக்ஸ் கார்டு வேணும்" என்றாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "பட்ஜெட் எவ்வளவு சார்?" நியாயமான கேள்வி. ஆனால் பலர் அதற்கான பதிலைக் கடை வாசலில் நின்றுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். கையில் இருக்கும் தொகையைச் சொல்கிறார்கள். அந்தத் தொகைக்குள் அடங்கும் மிகப் பெரிய கார்டு மேசைக்கு வருகிறது. "இன்னும் மூவாயிரம் போட்டா அடுத்த மாடலே கிடைக்கும்" என்ற பேச்சில் தொகை மேலும் ஏறுகிறது.

கையில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு எண். உங்களுக்கு எவ்வளவு தேவை என்பது வேறோர் எண். இந்த இரண்டாவது எண்ணை வீட்டிலேயே கணக்கிட்டு எழுதிக்கொள்வதற்குத்தான் இந்த அத்தியாயம். வரிசை முக்கியம்: முதலில் திரை, பிறகு விளையாட்டு, அடுத்து நினைவகம், அதன்பின் கணினியின் மற்ற பாகங்கள், கடைசியில் ஆண்டுக் கணக்கு. கார்டின் பெயர் இவை எல்லாம் முடிந்த பிறகு வரட்டும்.

திரையிலிருந்து தொடங்குங்கள்

கிராபிக்ஸ் கார்டு வரைந்து தருவதை மானிட்டர்தான் உங்களுக்குக் காட்டுகிறது. மானிட்டரால் காட்ட முடியாததற்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண். ஆகவே முதலில் உங்கள் மானிட்டரின் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரெசல்யூஷன், ரெஃப்ரெஷ் ரேட்.

1080பி திரையில் 1920 x 1080, அதாவது ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம், 1080பி-யைப் போல் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃப்ரேமிலும் இத்தனை புள்ளிகளுக்கும் கார்டு நிறம் கணக்கிட வேண்டும். 1080பி-யில் சரளமாக ஓடும் கார்டு 4கே-யில் திணறுவதற்கு முதல் காரணம் இதுவே.

ரெஃப்ரெஷ் ரேட் என்பது நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பது. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு ஃப்ரேமை வரைய 16.7 மில்லி நொடி கிடைக்கும். 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 6.9 மில்லி நொடிதான். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரோடு நொடிக்கு 140 ஃப்ரேம் தரும் கார்டை இணைத்தால் 60 படங்களுக்கு மேல் உங்கள் கண்ணுக்கு வராது. போட்டி விளையாட்டுகளில் விசைக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் சற்றுக் குறையும் என்பது உண்மை. கதை விளையாட்டுகளில் அந்தப் பயனும் உணரும்படி இருக்காது.

பழைய 60 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவர் பெரிய கார்டுக்கு ஆசைப்பட்டால் நான் சொல்வது இதுதான்: தொகையைப் பிரித்து, ஒரு பகுதியில் நல்ல மானிட்டர் வாங்குங்கள். கார்டு சில ஆண்டுகளில் பழசாகும். மானிட்டர் அடுத்த கார்டுக்கும் அதற்கடுத்த கார்டுக்கும் துணை வரும்.

எதை விளையாடுகிறீர்கள்?

கடந்த ஆறு மாதம் நீங்கள் உண்மையில் விளையாடியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். என்றாவது விளையாடுவேன் என்று நினைப்பவற்றைத் தனியாக எழுதுங்கள். தொகையைத் தீர்மானிக்க வேண்டியது முதல் பட்டியல்.

வேலோரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் கார்டைவிட ப்ராசஸரிடம் அதிக வேலை வாங்குபவை. நேரத்தில் பெரும்பகுதி இவற்றுக்குப் போகிறது என்றால் 1080பி-யில் தொடக்க நிலைக் கார்டே போதும். மிச்சத்தை ப்ராசஸருக்கும் வேகமான திரைக்கும் கொடுங்கள். எல்டன் ரிங் நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல் ஓடாதபடி அதன் தயாரிப்பாளர்களாலேயே கட்டப்பட்டிருக்கிறது. சைபர்பங்க் 2077 மாதிரியான விளையாட்டுகள், ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கை முழுதாகத் திறந்தால் எந்தக் கார்டையும் மூச்சு வாங்க வைக்கும்.

ஒரு கட்டாயக் கோடும் உண்டு. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ஆகிய இரண்டும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது என்ற நிபந்தனையோடே வந்தன. புதிய பெரிய விளையாட்டுகள் உங்கள் பட்டியலில் இருந்தால் அந்த வசதி இல்லாத கார்டை விலை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள்.

நினைவகம்: கூடுதல் பணம் பலன் தரும் இடம்

இந்த அத்தியாயம் முழுவதும் குறைத்துச் செலவிடச் சொல்கிறேன். விதிவிலக்கு ஒன்று: விரேம் எனப்படும் கார்டின் நினைவகம்.

2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 16 ஜிபி பொது நினைவகம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் விளையாட்டுகளை முதலில் அந்த அளவை மனதில் வைத்தே உருவாக்குகின்றன. பழைய கன்சோல்களுக்கான ஆதரவு விலக விலக, அதே விளையாட்டு கணினிக்கு வரும்போது 8 ஜிபி கார்டுகள் தடுமாறத் தொடங்கின. 2023-இல் ஹாக்வார்ட்ஸ் லெகசியிலும் தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகத்திலும் இது வெளிப்படையாகத் தெரிந்தது. நினைவகம் நிரம்பினால் சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை குறைவது மட்டுமில்லை. படம் திடீர் திடீரென நின்று ஓடும், சுவர்களும் உடைகளும் மங்கலாகத் தெரியும். சிப் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதைச் சரிசெய்யாது.

2025-இல் வந்த இரண்டு கார்டுகள் இதை நன்றாக விளக்குகின்றன. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 8 ஜிபி-யில் 379 டாலருக்கும் 16 ஜிபி-யில் 429 டாலருக்கும் அறிவிக்கப்பட்டது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 299 டாலருக்கும் 349 டாலருக்கும் அறிவிக்கப்பட்டது. இரண்டிலும் சிப் அதே சிப். வித்தியாசம் 50 டாலர். இந்த 50 டாலர் கார்டின் ஆயுளில் ஓரிரு ஆண்டுகளைக் கூட்டும். விற்கும்போதும் ஒரு பகுதி திரும்பி வரும். "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று கடைக்காரர் சொல்லும்போது நீங்கள் தலையாட்ட வேண்டிய இடம் இதுதான்.

2026-ஐ ஒட்டி வாங்குபவருக்கு என் அளவுகோல்: போட்டி விளையாட்டுகளும் பழைய விளையாட்டுகளும் மட்டுமென்றால் 8 ஜிபி போதும், ஆனால் தொடக்க நிலை விலையில் மட்டுமே அதை வாங்குங்கள். புதிய விளையாட்டுகளை 1080பி-யில் ஆட 12 ஜிபி. 1440பி-க்கும் அதற்கு மேலும் 16 ஜிபி.

விலைப் படிகளில் எங்கே நிற்பது?

டாலரில் அறிவிக்கப்படும் விலையை இந்திய விலையாக மாற்ற ஒரு எளிய வழி இருக்கிறது. 2025 ஜனவரியில் ஒரு டாலர் 86 ரூபாயை ஒட்டி இருந்தது. அப்போது என்விடியா இந்தியாவுக்கு அறிவித்த விலைகள்: ஆர்டிஎக்ஸ் 5070 (549 டாலர்) 59,000 ரூபாய், 5070 டிஐ (749 டாலர்) 80,000, 5080 (999 டாலர்) 1,07,000, 5090 (1,999 டாலர்) 2,14,000. வகுத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் டாலருக்கு ஏறக்குறைய 107 ரூபாய் வருகிறது. அன்றைய டாலர் மதிப்போடு நான்கில் ஒரு பங்கைச் சேர்த்தால் இந்திய விலை. 18 சதவீத ஜிஎஸ்டி அதில் பெரும்பகுதி. புதிய கார்டு ஒன்று அறிவிக்கப்பட்டதும் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் சொல்லும் விலை அதற்கு மிக மேலே இருந்தால் அது வரத்துக் குறைவால் ஏறிய விலை; சில வாரம் பொறுப்பது நல்லது.

இப்போது அதே நான்கு கார்டுகளைப் படிகளாகப் பாருங்கள். 5070-இலிருந்து 5070 டிஐ-க்குப் போக 36 சதவீதம் கூடுதல் விலை; கிடைக்கும் வேகம் கால் பங்குக்குச் சற்று மேல், அதோடு நினைவகம் 12-இலிருந்து 16 ஜிபி ஆகிறது. அங்கிருந்து 5080-க்கு 34 சதவீதம் கூடுதல் விலை. வேகம் ஏறக்குறைய 15 சதவீதம்தான் கூடும், நினைவகம் அதே 16 ஜிபி. அங்கிருந்து 5090-க்கு விலை இரட்டிப்பு. 4கே-யில் வேகம் ஒன்றரை மடங்கு.

ஆக, ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டியது: விலை எத்தனை சதவீதம் ஏறுகிறது, வேகம் எத்தனை சதவீதம் ஏறுகிறது, நினைவகம் ஏறுகிறதா? விலையேற்றம் வேகத்தைத் தாண்டி ஓடும் படியில் நினைவகமும் ஏறவில்லை என்றால் அதற்கு முந்தைய படியிலேயே நின்றுவிடுங்கள்.

வேகத்தை ஒப்பிடும்போது கார்டு உண்மையில் வரையும் ஃப்ரேம்களை மட்டும் எண்ணுங்கள். 2025 ஜனவரியில் 5070 கார்டு முந்தைய தலைமுறையின் உச்சமான 4090-இன் வேகத்தைத் தரும் என்று மேடையில் சொல்லப்பட்டது. ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் இடையே செயற்கையாகப் படங்களை நிரப்பும் ஃப்ரேம் ஜெனரேஷனைச் சேர்த்துப் போட்ட கணக்கு அது. அந்த வசதி அசைவை மென்மையாக்கும், ஆனால் கை அசைவுக்குத் திரை பதில் சொல்லும் வேகத்தைக் கூட்டாது. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் வேறு. சிறிய அளவில் வரைந்து பெரிதாக்குவதால் உண்மையான ஃப்ரேம்களே கூடுகின்றன. அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கார்டோடு சேர்ந்து வரும் செலவு

முதலில் பவர் சப்ளை. 5060 கார்டுக்கு 550 வாட், 5070-க்கு 650, 5080-க்கு 850, 5090-க்கு 1,000 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியா சொல்கிறது. கேபினட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை நம்பிப் புதிய கார்டைச் செருகாதீர்கள். அதை மாற்றும் செலவு கார்டின் தொகைக்குள்ளேயே அடங்க வேண்டும்.

யுபிஎஸ்ஸையும் பாருங்கள். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். விளையாட்டின் நடுவே கரண்ட் போனால் கார்டு, ப்ராசஸர், மானிட்டர் மூன்றின் சுமையும் சேர்ந்து அதை அணைத்துவிடும்.

அடுத்தது ப்ராசஸர். இப்போதுள்ள கார்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். உங்கள் விளையாட்டில் ரெசல்யூஷனை மிகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கார்டுதான் தடை, புதிய கார்டு பலன் தரும். ஏறவே இல்லையென்றால் தடை ப்ராசஸர். அப்போது எவ்வளவு விலைக் கார்டு வாங்கினாலும் அதே எண்தான் வரும்.

மதர்போர்டும் கணக்கில் வரும். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ மூன்றும் மதர்போர்டோடு இணையும் பிசிஐஇ பாதையில் எட்டு லேன்களை மட்டுமே பயன்படுத்துபவை. பிசிஐஇ 3.0 மட்டும் உள்ள பழைய போர்டில், குறிப்பாக 8 ஜிபி நிரம்பும்போது, இவற்றின் வேகம் குறையும். இன்டெல் ஆர்க் பி580, 249 டாலருக்கு அறிவிக்கப்பட்ட, 12 ஜிபி தரும் நல்ல கார்டு. ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் ஒரே சமயத்தில் அணுகவிடும் ரீசைஸபிள் பார் வசதியும் ஓரளவு புதிய ப்ராசஸரும் இல்லாத கணினியில் அதன் பலத்தில் ஒரு பகுதி வெளிப்படாமலே போகும்.

கடைசியாக மின்சாரம். 5060-இன் உச்ச மின்தேவை 145 வாட், 5080-இன் தேவை 360 வாட். 215 வாட் வித்தியாசத்தோடு தினம் 3 மணி நேரம் முழுச்சுமையில் ஆடினால் இரண்டு மாதப் பில்லில் ஏறக்குறைய 39 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் கூடுதல் யூனிட் எப்போதும் உங்கள் வீட்டின் மேல் அடுக்குக் கட்டணத்தில் ஏறும். 500 யூனிட்டை ஒட்டி இருக்கும் வீடுகள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கு

கார்டின் விலையிலிருந்து பின்னாளில் விற்றால் கிடைக்கும் தொகையைக் கழித்து, பயன்படுத்தும் ஆண்டுகளால் வகுங்கள். 30,000 ரூபாய்க் கார்டை 4 ஆண்டு வைத்திருந்து 10,000-க்கு விற்பதாகக் கொள்வோம்: ஆண்டுக்கு 5,000 ரூபாய். 60,000 ரூபாய்க் கார்டை 5 ஆண்டு வைத்திருந்து 18,000-க்கு விற்றால் ஆண்டுக்கு 8,400. பொழுதுபோக்குக்கு ஆண்டுதோறும் இவ்வளவு கொடுக்க வீட்டு வரவு இடம் கொடுக்கிறதா என்று கேட்டால் பதில் எளிதாக வரும். மொத்த விலையைப் பார்த்து மிரள்வதும் மயங்குவதும் குறையும்.

கார்டு எத்தனை ஆண்டு உழைக்கும்? 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 அக்டோபர் வரை கிடைத்தது, ஒன்பது ஆண்டுகள். ஆனால் செட்டிங்ஸைக் குறைக்காமல் ஆடக்கூடிய காலம் அதைவிடக் குறைவு. நான்கைந்து ஆண்டு என்று கணக்கிடுவது பாதுகாப்பானது.

நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் இரண்டைச் சரிபாருங்கள். முழுப் பணம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடியை இதில் இழக்கிறோமா? பிராசசிங் கட்டணமும் அதன்மேல் வரியும் எவ்வளவு? மாணவர்களுக்கு என் உறுதியான கருத்து: விளையாட்டுக் கார்டுக்காகக் கடன் வேண்டாம். நான்கு மாதம் சேர்த்து வாங்குங்கள்.

பழைய கார்டு வாங்கலாமா?

தொகை 20,000-க்குக் கீழே என்றால் செகண்ட் ஹேண்ட் நல்ல வழி. வாரன்டி மிச்சமிருக்கும் கார்டையே தேடுங்கள்; அசல் பில்லும் சீரியல் எண்ணும் கேளுங்கள். ஜிபியு-இசட் மென்பொருளில் கார்டின் அடையாளத்தைச் சரிபார்த்து, உங்கள் கண்முன்னே அரை மணி நேரம் முழுச்சுமையில் ஓட்டிப் பாருங்கள். 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதன் மைனிங்கில் இரவு பகலாக ஓடிய ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. ஆகவே அதற்கு முந்தைய தலைமுறைகளில் மின்விசிறியின் ஓசையையும் வெப்பநிலையையும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் நின்றுபோன ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு இனி பணம் கொடுக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து பில்லின்றி வந்த புதிய கார்டு சில ஆயிரம் மலிவாகக் கிடைக்கும். இந்திய வாரன்டி இல்லாவிட்டால் அந்த மலிவு ஒரு பழுதோடு கரைந்துவிடும்.

இரண்டு மாதிரிக் கணக்குகள்

மதுரையில் ஒரு கல்லூரி மாணவர். 1080பி, 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். ரைசன் 5 3600 ப்ராசஸர், பிசிஐஇ 3.0 போர்டு, பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ். வேலோரன்டும் ஜிடிஏ 5-உம் ஆடுகிறார். சைபர்பங்க் ஆட ஆசை. கையில் 30,000. முதலில் தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒரு பகுதி. திரை கேட்பது நொடிக்கு 75 ஃப்ரேம்தான். பழைய ப்ராசஸர் என்பதால் ஆர்க் பி580 அவருக்குப் பொருந்தாது. வாரன்டியோடு ஒரு பழைய ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி நினைவகம், 132 வாட் தேவை: அவருடைய இரண்டு விளையாட்டுகளும் தாராளமாக ஓடும், சைபர்பங்க் ரே டிரேசிங் இல்லாமல் நடுத்தர செட்டிங்ஸில் ஓடும். அவர் எழுத வேண்டிய எண் 30,000-த்துக்கு நன்றாகக் கீழே. மிச்சம் அடுத்த ப்ராசஸருக்கான சேமிப்பு.

கோவையில் ஒரு மென்பொருள் ஊழியர். 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், ரைசன் 5 7600, 650 வாட் எஸ்எம்பிஎஸ். கதை விளையாட்டுகள் ஆடுபவர். 80,000 தயாராக வைத்திருக்கிறார், கண் 5070 டிஐ மேல். அதற்கு முந்தைய 549 டாலர் படியில் 5070 12 ஜிபி தருகிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 16 ஜிபி தருகிறது, 220 வாட்டில் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே ஓடும். நொடிக்கு 80 ஃப்ரேம் வரும் இடத்தில் சற்றுக் கூடுதலாக வருவதற்கு இன்னும் 20,000 ரூபாய். கார்டின் வேகத்துக்கேற்பத் திரையை ஒத்திசைக்கும் ஃப்ரீசிங்க் உள்ள மானிட்டரில் கதை விளையாட்டு ஆடுபவருக்கு அந்த வித்தியாசம் சிறியது. அவருடைய எண் 60,000-ஐ ஒட்டி நிற்கிறது. 16 ஜிபி கிடைத்துவிட்டதால் மேலே ஏற அவருக்குக் காரணமில்லை.

கடைக்குப் போகுமுன் எழுத வேண்டியவை

1. மானிட்டரின் ரெசல்யூஷன், ரெஃப்ரெஷ் ரேட்.
2. ஆறு மாதமாக ஆடிய விளையாட்டுகள். அவற்றுள் மிகக் கனமானது எது.
3. தேவைப்படும் நினைவகம்: 8, 12 அல்லது 16 ஜிபி.
4. எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், ப்ராசஸர் ஆகியவற்றில் மாற்ற வேண்டியவை, அவற்றின் செலவு.
5. எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள். ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்.

ஐந்தாவது விடையை ஆண்டுகளால் பெருக்கி, விற்றால் கிடைக்கும் தொகையைக் கூட்டி, நான்காவதன் செலவைக் கழித்தால் வருவதே உங்கள் உச்ச எண். அந்த எண்ணுக்குள், முதல் மூன்று விடைகளையும் நிறைவேற்றும் கார்டுகளில் மிகவும் மலிவானதை வாங்குங்கள். எண்ணைத் தாண்ட ஒரே ஒரு காரணத்தை அனுமதியுங்கள்: தேவையான நினைவகம் அடுத்த படியில்தான் கிடைக்கிறது என்றால் ஏறலாம். மற்ற எல்லாக் காரணங்களுக்கும், கடைக்காரர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், "இதுவே போதும்ணே" என்று சொல்லிவிட்டு பில் போடச் சொல்லுங்கள்.